கைகோத்து நடந்த இரு பெண்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளின் கண்கள் தொலைக்காட்சிப் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும்தான் இருக்கும். அதிலும் சித்திரப் படம் என்றால் சோறு தண்ணீர்கூட வேண்டாம். "கார்ட்டூன்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று நாமும் அடுப்படி வேலையைக் கவனிக்கப் போய்விடுகிறோம். ஆனால் வாசகர்களே, இன்றைய சித்திரத் தொடர்கள் பூனை எலியைத் துரத்தியதோடு முடிந்துபோகும் தொடர்கள் அல்ல. தகப்பனுக்கும் மகளுக்கும் உள்ள மனத்தாங்கல், தோழமை, பொறாமை, காதல், காதல் முறிவு என்று குடும்பக் கதைகளில் வருகிற அத்தனையும் அவற்றிலும் வருகின்றன.

அப்படிப்பட்ட தொடர்களில் ஒன்று "த லெஜண்ட் ஆஃப் கோரா". அமெரிக்காவின் நிக்கலோடியன் நிறுவனத்தார் 2012 ஏப்ரல் 14 முதல் 2014 டிசம்பர் 19 வரை வெளியிட்டது. நான்கு பாகங்கள், மொத்தம் 52 அங்கங்கள். அதன் கடைசிக் காட்சியில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்து போகிறார்கள். அந்த ஒரு காட்சியைப் பற்றி உலகம் முழுதும் பெரிய விவாதமே நடந்தது. அவர்கள் கூட்டாளிகளா, காதலர்களா? பிள்ளைகள் இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? அதற்கு முன் கதையை நாமும் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

நமக்குத் தெரிந்த சொல்

இது ஒரு தொடரின் தொடர்ச்சி. மைக்கல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ என்ற இருவர் 2005 முதல் 2008 வரை "அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்" என்ற தொடரை உருவாக்கினார்கள். அவதார் என்ற சொல்லைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் "அவதாரம்"தான் அது. நாம் ஐம்பூதம் என்போம். அந்தக் கதை உலகில் நிலம், நீர், நெருப்பு, காற்று என்று நான்குதான். ஒவ்வொரு மக்கள் கூட்டத்திலும் சிலருக்கு ஒரு பூதத்தை ஆளும் வித்தை கைவரும். நான்கையும் ஆளக்கூடியவர் ஒருவர்தான், அவரே அவதார். அவர் இறந்தால் அடுத்த மக்களிடையே மறுபிறவி எடுப்பார்.

காற்று மக்களில் பிறந்த ஆங் என்ற அவதாருக்குப் பிறகு, தென் துருவத்து நீர் மக்களிடையே பிறந்தவள் கோரா. கதை தொடங்கும்போது வயது 17. மாநிறம், திடமான உடம்பு, எடுத்தேன் கவிழ்த்தேன் என்ற குணம். வித்தை பழக அவள் ரிபப்ளிக் நகரத்துக்கு வருகிறாள். அங்கே மாக்கோ, போலின் என்ற அண்ணன் தம்பியும், அசாமி சாட்டோ என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்ணும் அவளுக்குப் பழக்கமாகிறார்கள்.

போட்டியில் தொடங்கிய பழக்கம்

அசாமி, மாக்கோவின் காதலி. கோராவுக்கும் மாக்கோவின்மேல் மனம் போகிறது. நம் படங்களில் ஒரு கதாநாயகனுக்கு இரண்டு கதாநாயகிகள் என்றால் என்ன நடக்கும்? கடைசி ரீலில் ஒருத்தி குறுக்கே பாய்ந்து குண்டடி பட்டு, மற்றவளின் கையைப் பிடித்து நாயகனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவாள். இந்தத் தொடரும் முதலில் அந்தப் பழைய பாதையில்தான் போகிறது. முதல் பாகம் முடியும்போது கோராவும் மாக்கோவும் சேர்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த உறவும் ஓயாத சண்டையில் முறிந்துபோகிறது.

இங்கேதான் கதை வேறு பாதையில் திரும்புகிறது. மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் அசாமி, கோராவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாள். இருவரும் மாக்கோவைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசிச் சிரிக்கிறார்கள். இப்படி மனம்விட்டுப் பேச இதுவரை ஒரு தோழிகூட இருந்ததில்லை என்று கோரா சொல்கிறாள். பிறகு இருவரும் எதிரிகளிடம் சேர்ந்து சிறைப்படுகிறார்கள். ஆகாயக் கப்பல் பாலைவனத்தில் விழ, உடைந்த பாகங்களைக் கொண்டே வண்டி செய்து தப்புகிறார்கள். ஒருத்திக்கு உடல் பலம், மற்றவளுக்கு இயந்திர அறிவு. ஒருவரை ஒருவர் நம்பினால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில் வளர்ந்த நட்பு அது.

அசாமியின் வீட்டுக் கதையும் உருக்கமானது. ஆறு வயதில் தாயைக் கொள்ளையரிடம் பறிகொடுத்தவள். தகப்பன் ஹிரோஷி சாட்டோ பெரிய கார்த் தொழிற்சாலை முதலாளி. மனைவியைக் கொன்றவர்கள் நெருப்பை ஆளுபவர்கள் என்பதால், வித்தை அறிந்த எல்லோரையும் வெறுத்து, ஒரு கலகக் கூட்டத்துக்கு ரகசியமாக ஆயுதம் செய்து கொடுக்கிறார். மகளையும் அழைக்கிறார். அவளோ தகப்பனை எதிர்த்து நண்பர்கள் பக்கம் நிற்கிறாள். பெற்ற பாசத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் எவருக்கும் மனம் கலங்கும்.

மூன்று ஆண்டு மௌனம்

மூன்றாம் பாகத்தின் முடிவில் சாஹீர் என்பவனின் கூட்டத்தார் கோராவின் உடம்பில் உலோக விஷத்தை ஏற்றுகிறார்கள். உயிர் பிழைக்கிறாள், ஆனால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத் தலைவாரி, உடுத்திவிட்டு, எது வேண்டுமானாலும் நான் இருக்கிறேன் என்று ஆறுதல் சொல்பவள் அசாமி.

சில வாரம் என்று சொல்லித் தாய்வீடு போன கோரா மூன்று ஆண்டுகள் திரும்பவில்லை. காலில் பலம் வந்த பிறகும் மனத்தில் பயம் போகவில்லை. கண்ணை மூடினால் விஷம் ஏற்றியவர்களின் உருவம். நண்பர்கள் எல்லோரும் கடிதம் எழுதுகிறார்கள். அவள் யாருக்கும் பதில் போடவில்லை, ஒருத்தியைத் தவிர. அசாமிக்கு மட்டும் தன் பயத்தை எழுதுகிறாள். மாக்கோவிடமும் போலினிடமும் சொல்ல வேண்டாம், உன்னிடம் சொல்வதுதான் எனக்கு எளிதாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறாள்.

வாசகர்களே, இந்தக் கடிதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உலகத்தையே காக்க வேண்டியவள், தான் பலவீனமானவள் என்று ஒப்புக்கொள்ள ஒரே ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறாள். அன்பு என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

திரும்பி வந்ததும் எல்லாம் இனிப்பாக இல்லை. சிறையில் இருக்கும் தகப்பனை அசாமி போய்ப் பார்ப்பதைக் கோரா தவறு என்கிறாள். மூன்று ஆண்டு காணாமல் போய்விட்டு எனக்கு எது நல்லது என்று நீ சொல்லாதே என்று அசாமி சீறுகிறாள். நியாயமான கோபம்தானே! மனக்கசப்பைச் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் உறவுதான் நிலைக்கும் என்பது நம் லயத்துப் பாட்டிமார்களுக்கும் தெரிந்த சங்கதி. கடைசிப் போரில் அந்தத் தகப்பன் நகரத்தைக் காக்க உயிரை விடுகிறார்.

அந்தக் கடைசிக் காட்சி

போர் முடிந்து நண்பர்களின் திருமணம் நடக்கிறது. கோரா வெளியே படியில் தனியே உட்கார்ந்திருக்கிறாள். அசாமி வந்து பக்கத்தில் அமர்கிறாள். இத்தனை காலம் பிரிந்திருந்ததற்குக் கோரா மன்னிப்புக் கேட்கிறாள். அப்பாவையும் உன்னையும் ஒரே நாளில் இழந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்கிறாள் அசாமி. இருவரும் ஆவியுலகத்துக்குப் பயணம் புறப்படுகிறார்கள். பையைத் தோளில் மாட்டி, கைகோத்து, ஒளியின் நடுவில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். திரை மூடுகிறது.

முத்தம் இல்லை. "காதல்" என்ற சொல்லும் இல்லை. ஆகவே ஒரு சாரார், "இது வெறும் நட்பு" என்றார்கள். மற்றொரு சாரார், "திடீரென்று ஒட்டவைத்த முடிவு" என்றார்கள். மூன்று நாள் கழித்து, 2014 டிசம்பர் 22 ஆம் தேதி, உருவாக்கிய இருவருமே எழுத்துமூலம் தெளிவுபடுத்தினார்கள்: கோராவும் அசாமியும் ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள். இருவரும் முன்பு ஓர் ஆணை விரும்பியதும் பொய்யல்ல, இப்போது ஒரு பெண்ணை விரும்புவதும் பொய்யல்ல. ஆண், பெண் இருபாலரிடமும் மனம் போகக்கூடியவர்கள் உலகில் உண்டு. அவர்களைப் போன்றவர்களே இவர்கள்.

அப்படியானால் ஏன் வெளிப்படையாகக் காட்டவில்லை? சிறுவர் தொடரில் இதற்கு இடம் தரமாட்டார்கள் என்று முதலில் தாங்களே முடிவுகட்டி, கேட்காமலே இருந்துவிட்டதாகக் கொனியட்ஸ்கோ எழுதினார். பிறகு கேட்டபோது நிறுவனத்தார் ஆதரவாகவே பேசினார்கள். ஆனால் இவ்வளவுதான் போகலாம் என்ற எல்லையும் இருந்ததாம். இது முழு வெற்றியல்ல, ஓர் அங்குலம் முன்னேற்றம் என்று அவரே எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

ஆசிரியை என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். "திடீர் முடிவு" என்ற குற்றச்சாட்டு பொருந்தாது. கார் பயிற்சி, பாலைவனம், சக்கர நாற்காலி, கடிதம், சண்டை, சமாதானம் என்று படிப்படியாகக் கட்டிய வீடு அது. இதில் ஒருவர் ஆணாக இருந்திருந்தால் மூன்றாம் பாகத்திலேயே "இது காதல்தான்" என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். ஆனால் குறை ஒன்று உண்டு. மாக்கோவுடன் இருந்த காதலுக்குப் பல அங்கங்கள். அசாமியுடன் உள்ள காதலுக்கு ஓரிரு நிமிடம். முன்னதற்கு முத்தம் உண்டு, பின்னதற்கு இல்லை. "இது சத்தமாகச் சொல்லக்கூடாத சங்கதி" என்ற பாடத்தையும் அந்த ஒளிவு பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுகிறது அல்லவா?

பின்னால் வந்த தொடர்கள் அந்தக் குறையைப் போக்கின. "ஸ்டீவன் யூனிவர்ஸ்" தொடரில் 2018 ஜூலையில் ரூபி, சஃபையர் என்ற இருவருக்கும் திருமணமே நடந்தது. 2020 இல் முடிந்த "ஷீ-ரா" தொடரில், சிறு வயது முதல் ஒன்றாக வளர்ந்து எதிரிகளாகிவிட்ட அடோராவும் காட்ராவும் கடைசி அங்கத்தில் காதலை வாய்விட்டே சொல்கிறார்கள். அந்த ஒளிவை விடக் கோராவுக்குப் பின் ஆறே ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

பெற்றோர் என்ன சொன்னார்கள்?

நம்மைப் போன்ற குடும்பத்தாருக்கு மிகவும் தேவையான பகுதி தொலைக்காட்சியில் வரவில்லை. 2017 முதல் 2018 வரை மூன்று பகுதிகளாக வந்த "டர்ஃப் வார்ஸ்" என்ற சித்திரக் கதைப் புத்தகத்தில் இருக்கிறது. டிமார்ட்டினோ எழுதியது. பயணம் முடிந்த கோரா, அசாமியை அழைத்துக்கொண்டு தாய் தகப்பனிடம் போய் விஷயத்தைச் சொல்கிறாள். பெற்றோர் மகிழ்கிறார்கள். ஆனால் தகப்பன் டொன்ராக், எல்லோரும் எங்களைப் போல ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், வெளியே சொல்வதில் கவனமாக இரு என்கிறார். மகள் கோபித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறாள்.

யார் பக்கம் நியாயம்? தகப்பன் வெறுப்பில் பேசவில்லை, பயத்தில் பேசினார். ஆனால் மகளின் காதில், "நீ வெட்கப்பட வேண்டியவள்" என்று அது விழுந்தது. பிறகு ஆங்கின் மகள் கயா, தானும் பெண்களை விரும்புகிறவள் என்பதால், ஒவ்வொரு மக்களும் இதை எப்படிப் பார்த்தார்கள் என்று கோராவுக்கு விளக்குகிறாள். காற்று மக்கள் எல்லோரையும் ஏற்றவர்கள். நெருப்பு நாட்டில் ஓர் அரசன் சட்டம் போட்டுத் தடுத்தான். நீர் மக்கள் குடும்ப விஷயத்தை வெளியே பேச விரும்பாதவர்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள், ஊருக்குச் சொல்லாதே! இது எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, அவரவர் சமயம் என்ன சொல்கிறது என்பவை தனியே பேச வேண்டியவை. நான் இங்கே சொல்வது வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. ஒரு சித்திரப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, அவங்க ரெண்டு பேரும் யாரு?" என்று பிள்ளை கேட்டால், "சீ, இதெல்லாம் என்ன கேள்வி!" என்று பெட்டியை அடைக்கலாம். அல்லது, "ரெண்டு பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் ரொம்ப அன்பு வச்சிருக்காங்க. உனக்கு என்ன தோணுது?" என்று கேட்கலாம். வயதுக்குத் தக்கபடி அளவாகச் சொன்னால் போதும். பிள்ளைகள் பெரும்பாலும் அதோடு அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் ஒரு பிள்ளை போகாமல் நிற்கலாம். தன் மனத்தில் இருப்பதை எவரிடம் சொல்வது என்று தெரியாமல், நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். வகுப்பறையில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கலாம், நம் வீட்டிலேயே இருக்கலாம். இரண்டு பெண்கள் கைகோத்து நடக்கும் காட்சியைப் பார்த்து நாம் சொல்லும் சொல்லை அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். கோராவுக்குக் கடிதம் எழுத ஓர் அசாமி இருந்தாள். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் கிடைக்காமலும் போகலாம். ஆகவே அடுத்த முறை அவர்கள் சித்திரத் தொடர் பார்க்க உட்காரும்போது, அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு நீங்களும் பக்கத்தில் போய் அமருங்கள். கேள்வி வரும்போது பதில் சொல்ல அங்கே ஒரு பெரியவர் இருக்கட்டும்.