உங்களுக்குத் தெரியுமா? சிறு ரவையும் சுண்ணாம்புக்கல் நிலமும்

பயிரழிக்கும் சிறு விலங்குகளைச் சுடுவதற்கான ரவையைத் தெரிவுசெய்கையில், விட்டத்தைவிட வேகமும், சன்னம் எனப்படும் பாய்ந்து செல்லும் உலோக முனையின் அமைப்புமே முதன்மையாகக் கருதப்படுகின்றன. 1887இல் அமெரிக்காவில் அறிமுகமான ‘.22 லோங் ரைபிள்’, 1964இல் வந்த ‘.223 ரெமிங்டன்’ ஆகிய இரண்டும் ஏறத்தாழ 5.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சன்னத்தையே செலுத்துகின்றன. எனினும் முன்னதன் 2.6 கிராம் ஈயச்சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 330 முதல் 380 மீற்றர் வேகத்திலும், பின்னதன் 3.6 கிராம் சன்னம் ஏறத்தாழ 980 மீற்றர் வேகத்திலும் குழல்வாயை விட்டு நீங்குகின்றன.

மெல்லிய செப்புறையிட்ட வேகச்சன்னம் பட்ட இடத்திலேயே சிதறும் வாய்ப்பு மிகுதி. மெதுவான ஈயச்சன்னமோ கடினமான பரப்பில் பட்டு, உடையாமல் திசைமாறிப் பாயக்கூடும். ‘தெறிப்பு’ எனப்படும் இவ்விளைவு, சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தந்த சுண்ணாம்புக்கல் மண்ணின் மேலேயே தலைகாட்டும், இலங்கையின் வடக்கேயுள்ள காங்கேசன்துறை போன்ற சமதரையில் பேரிடர் விளைவிக்கும். ஏனெனில், குறிதவறிய சிறு ரவையும் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் செல்லவல்லது, அதைத் தடுத்து நிறுத்த அங்கு குன்றுகளும் இல்லை.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதற்கு, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும்; அனுமதி பெற்றவரும், இலக்கின் பின்னால் என்ன உள்ளது என்பதை அறியாது சுடலாகாது.