ஓவியம் எப்படி விலைக்கு வருகிறது?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சாலையில் கிழக்கே போனால், உப்பளங்களையும் உப்பங்கழியையும் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும். அங்கிருந்து வடக்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. அங்குள்ள பழைய செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பார்க்கப் போகிறவர்களில் பலர், அதே வளாகத்தில் வரிஜா என்றொரு ஓவியக் கூடம் இருப்பதைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் வடக்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதற்குள் நவீன ஓவியங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்றும், இண்டிகோ, லேபர்னம் என்ற விற்பனைக் கூடங்களும் இருக்கின்றன. கடற்கரைக்கு வருகிற குடும்பங்கள் பல இந்த வாசல்களைக் கடந்துதான் போகின்றன. உள்ளே நுழையத் தயங்குகிறவர்களே அதிகம். அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓவியம் மாட்டியிருக்கும் இடமெல்லாம் ஒன்றல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பது பார்ப்பதற்கு மட்டும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் கூடத்தை ஓவியர் வாடகைக்கு எடுத்துத் தன் படங்களைத் தானே மாட்டி, தானே விற்கலாம். தனியார் கேலரி மூன்றாவது வகை. யாருடைய படத்தை மாட்டுவது என்பதைக் கேலரிக்காரர் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வுக்குத் தன் பணத்தையும் பெயரையும் பணயம் வைக்கிறார். எழுத்தாளருக்குப் பதிப்பாளர் எப்படியோ, ஓவியருக்குக் கேலரி அப்படி.

இப்படி ஒருவர் ஏன் தேவைப்பட்டார்? கோயிலுக்கும் அரண்மனைக்கும் வரைந்த காலத்தில் வேலை சொன்னவரே கூலியும் கொடுத்தார். ராஜா ரவிவர்மாவுக்குக்கூட மன்னர்கள் இருந்தார்கள். நவீன ஓவியத்தை அப்படி யாரும் சொல்லி வரையவைப்பதில்லை. ஓவியர் தனக்குத் தோன்றியதை முதலில் வரைகிறார், வாங்குபவரைப் பிறகுதான் தேட வேண்டியிருக்கிறது. பாரிசில் மோனே, ரெனுவார் என்ற ஓவியர்கள் பரிகசிக்கப்பட்ட நாட்களில் போல் துராந்-ருயல் என்ற வியாபாரி அவர்களுடைய படங்களை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் வைத்தார், மாதச் செலவுக்கு முன்பணம் தந்தார், பலமுறை கடனில் மூழ்கினார். 1886-ல் அவர் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. மும்பையில் கெக்கூ காந்தி 1941-ல் படங்களுக்குப் பிரேம் போடும் கடையாகத் தொடங்கிய செமோல்ட், 1963-ல் முறையான கேலரியாக உருவெடுத்தது. நம் நாட்டில் பலருக்கு நவீன ஓவியத்தின் விலையைச் சொல்லிக்கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று.

சென்னையின் கதை இதிலிருந்து மாறுபட்டது, நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கே 1850-லேயே ஓவியக் கல்லூரி வந்துவிட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவருக்குப் பின் 1957 முதல் கே.சி.எஸ். பணிக்கர் என்று பெரிய ஆசான்கள் அதற்கு முதல்வர்களாக இருந்தார்கள். திறமைக்குக் குறைவில்லை, வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. படிப்பை முடித்த மாணவர்கள் துணி வடிவமைப்புக்கும் விளம்பர வேலைக்கும் போய், சில ஆண்டுகளில் வரைவதையே விட்டுவிடுவதைப் பணிக்கர் பார்த்தார். அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. கைவினைப் பொருளைச் செய்து விற்றுச் சாப்பிடுவது, மிச்ச நேரத்தில் யாருக்கும் வளையாமல் வரைவது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சங்கம் அமைத்து, துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்க்கும் பத்திக் வேலையில் இறங்கினார்கள். அந்தத் துணிகள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தில்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துச் சவுக்கு மணலில் நிலம் வாங்கினார்கள். முதலில் அங்கே மின்சாரம்கூடக் கிடையாது.

ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ்.ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், எம். சேனாதிபதி, கே.வி. ஹரிதாசன், சிற்பி எஸ். நந்தகோபால் என்று அந்த மணலில் வேலை செய்தவர்களின் வரிசை நீளமானது. பணிக்கர் எழுத்தும் குறியீடும் கலந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' தொடரைப் பார்த்தால் ஜாதகக் கட்டமும் கணக்கு நோட்டும் நினைவுக்கு வரும். நந்தகோபால் செம்புத் தகட்டையும் பித்தளையையும் பற்றவைத்து, கோயில் வாகனங்களின் முகப்பழகை நவீன சிற்பத்துக்குக் கொண்டுவந்தார். சென்னைக் கலை இயக்கம் என்று இன்று உலகம் பேசுவது பெருமளவு இவர்களைப் பற்றித்தான். கேலரி செய்ய வேண்டிய வேலையை ஓவியர்களே தோளில் சுமந்த இடம் இது. இந்தியக் கலை வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை. 1984-ல் ஷரண் அப்பாராவ் தொடங்கிய அப்பாராவ் கேலரீஸ் போன்றவை வந்து, நகரத்தில் இந்தத் தொழில் வேரூன்றியது பின்னால்தான்.

இனி தொழிலுக்கு வருவோம். பெரும்பாலான கேலரிகள் படத்தை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்குவதில்லை. ஓவியர் ஒப்படைக்கிறார், விற்கும்வரை படம் அவருடையதே. விற்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கேலரி எடுத்துக்கொள்ளும். பாதி என்றால் பலர் திடுக்கிடுகிறார்கள். வாடகை, பிரேம், காப்பீடு, வண்டிச் செலவு, கண்காட்சிப் புத்தகம் என எல்லாம் அந்தப் பங்கிலிருந்துதான் போகிறது. ஒரு படம்கூட விற்காத கண்காட்சிகளின் நஷ்டமும் அதில் அடக்கம். விற்ற படத்தின் பக்கத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். அதைப் பார்த்து அடுத்தவரும் துணிந்து வாங்குவதுண்டு.

விலை எங்கிருந்து வருகிறது? புதிய ஓவியர் என்றால் பெரும்பாலும் அளவுதான் கணக்கு, பெரிய கேன்வாசுக்கு அதிக விலை. காகிதத்தில் வரைந்தது கேன்வாசைவிடக் குறைவு. ஒரே அச்சிலிருந்து பல பிரதிகள் எடுக்கும் எட்சிங், லித்தோகிராஃப் போன்றவை இன்னும் குறைவு. அவற்றின் ஓரத்தில் பென்சிலில் 3/25 என்று எழுதியிருந்தால், 25 பிரதிகளில் அது மூன்றாவது என்று பொருள். பிறகு ஓவியரின் கண்காட்சிகள், விமரிசனங்கள், அருங்காட்சியகங்கள் வாங்கியது எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றும். நல்ல கேலரி இதை அவசரமில்லாமல், ஆண்டுக்கணக்கில் செய்யும். ஓவியரிடமிருந்து நேரே வருவது முதல் விற்பனை. வாங்கியவர் பிறகு விற்பது மறுவிற்பனை. செய்தித்தாளில் வரும் பெரிய தொகைகள் பெரும்பாலும் மறுவிற்பனையில் வருபவை. 2025 மார்ச்சில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' நியூயார்க் ஏலத்தில் 1.375 கோடி டாலருக்குப் போனது. 1954-ல் வரைந்த படம் அது. ஹுசைன் 2011-லேயே காலமாகிவிட்டார்.

மறுவிற்பனைப் பணத்தில் வரைந்தவருக்குப் பங்கு போகாத இந்த அநீதியைக் கொஞ்சமாவது சரிசெய்ய நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்றொரு பிரிவு உண்டு. மூலப் படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், பதிப்புரிமைக் காலம்வரை ஓவியருக்கோ வாரிசுக்கோ அதிகபட்சம் 10 சதவீதம் பங்கு கோரும் உரிமையை அது தருகிறது. நடைமுறையில் இதைக் கேட்டுப் பெறுகிறவர்கள் மிகக் குறைவு. ஓவியர்கள் இதை விடாமல் கேட்க வேண்டும், கேலரிகளும் துணை நிற்க வேண்டும். இன்னொன்றையும் வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. படத்தை வாங்கினால் படம்தான் உங்களுடையது, அதை நகலெடுத்து அச்சிடும் உரிமை தானாக வந்துவிடாது. சிதைக்கும் உரிமையும் கிடையாது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்துச் சேதப்படுத்தியதை எதிர்த்து அமர்நாத் சேகல் வழக்காடி, 2005-ல் வென்றார். சிற்பத்தின் எச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ஈரக்காற்றில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், கேன்வாஸ் தளரும், உப்பு இரும்பைத் தின்னும். படத்தை வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டாதீர்கள், பின்னால் காற்று போக இடம் விடுங்கள். பிரேம் போடும்போது அமிலமில்லாத அட்டை கேளுங்கள். நேர் வெயில் படவே கூடாது. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்று வைத்திருக்கின்றன, அது நம் வரவேற்பறை விளக்கைவிட மிகக் குறைவு.

கேளம்பாக்கம், நாவலூர், சிறுசேரி அடுக்ககங்களில் புதிதாகக் குடிவந்தவர்கள் சுவருக்கு இணையத்தில் அச்சுப்படம் வாங்கி மாட்டுகிறார்கள். கிட்டத்தட்ட அந்தச் செலவிலேயே, கலைக் கல்லூரி மாணவர் ஒருவர் தன் கையால் எடுத்த அச்சுப் பிரதியை வாங்க முடியும். அவருக்கு அது அடுத்த மாதக் காகிதமும் மையும். வாங்கும்போது ஓவியரின் பெயர், ஆண்டு, அளவு, பொருள் எழுதிய ரசீதையும், ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் அது அசல் என்று நிரூபிக்க அந்தத் தாள்கள்தான் துணை. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கேலரிக்குள் போகலாம். பெரும்பாலான இடங்களில் கட்டணம் கிடையாது, விலைப்பட்டியல் கேட்டால் கொடுப்பார்கள், புரியாததைக் கேட்டால் சொல்வார்கள். அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போகும்போது குழந்தைகளோடு ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் இறங்கிவிட்டுப் போங்கள்.