நத்தார்க்கால விருந்தும் சிற்றுண்டித் தட்டும்

ஆண்டின் இறுதி மாதம் வந்ததும் இலங்கையில் வீடுகள்தோறும் விருந்தினர் வருகை பெருகிவிடுகின்றது. நத்தாரும் புத்தாண்டும் அடுத்தடுத்து வருவதனால், உறவினரும் அயலவரும் உடன் பணியாற்றுவோரும் மாலை வேளைகளில் கூடி மகிழ்வர். எனினும், விருந்து நடைபெறும் வீட்டின் தலைவியை மட்டும் அக்கூட்டத்தில் காண்பது அரிது. அவள் அடுக்களையிலே, கொதிக்கும் எண்ணெய்த் தாச்சியின் முன் நின்றுகொண்டிருப்பாள். விருந்தோம்பல் என்பது உணவு படைப்பது மாத்திரமன்று. முகமலர்ந்து வரவேற்று உடனிருந்து உரையாடுவதும் அதன் பகுதியேயாம். ஆகவே, எளிதிற் செய்யத்தக்கதும் பார்வைக்கு அழகியதுமான சிற்றுண்டிகளைத் தெரிந்தெடுப்பது, இல்லத்தலைவியை அடுக்களையிலிருந்து விடுவிக்கும் வழியாகும்.

இந்நாட்டில் பேருணவுக்கு முன்னர் தட்டிலேந்தி வழங்கப்படும் சிறுபண்டங்கள் பல வழிகளால் வந்து சேர்ந்தவை. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்தே ‘பாண்’ என்னும் சொல் வந்தது. நத்தார் என்னும் பெயரும் அவர்கள் மொழியினதே. மிளகாயும் மரமுந்திரிகையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் வாயிலாக ஆசிய நாடுகளுக்குப் பரவியவை. பறங்கியர் இல்லங்களிற் செய்யப்படும் பிரிக்கடெல் என்னும் இறைச்சியுருண்டை ஒல்லாந்தர் வழியில் வந்தது. கட்லட் ஆங்கிலப் பெயரோடு இங்கு நிலைபெற்றது. இவை யாவும் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் சேர்ந்து இந்நாட்டுச் சுவையைப் பெற்றுவிட்டன.

தட்டில் எத்தனை வகை இருத்தல் வேண்டும் என்பதே முதல் வினா. மூன்று வகை போதும். ஒன்று சில நாட்களுக்கு முன்பே செய்து வைக்கத்தக்கதாயிருக்க வேண்டும். மற்றொன்று முதல்நாள் ஆயத்தப்படுத்தி, விருந்தினர் வருமுன் பொரிக்கத்தக்கதாயிருக்க வேண்டும். மூன்றாவது அடுப்பே வேண்டாததாயிருக்க வேண்டும். இவ்வொழுங்கைக் கைக்கொண்டால் வேலை மூன்று நாட்களிற் பங்கிடப்பட்டுவிடும்.

முதல்வகைக்குப் பருத்தித்துறை வடை மிகவும் பொருத்தமானது. உழுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் முதலியன சேர்த்து மெல்லிதாகத் தட்டிப் பொரிக்கப்படும் இவ்வடையில் ஈரம் மிகக் குறைவு. ஆதலால், நன்கு ஆறிய பின் காற்றுப்புகாத பேணியில் இட்டு வைத்தால் பல நாட்கள் மொறுமொறுப்புக் குன்றாது. அதனைச் செய்ய நேரமில்லாதவர்கள் மரமுந்திரிகைப் பருப்பைப் பொன்னிறமாகப் பொரித்து, சூடாறுமுன் உப்பும் மிளகாய்த்தூளும் பொரித்த கறிவேப்பிலையும் கலந்து வைக்கலாம்.

இரண்டாவது வகை கட்லட். 425 கிராம் தகரமீன் ஒன்றை நீர் வடித்து, முள் நீக்கி உதிர்த்துக்கொள்க. 500 கிராம் உருளைக்கிழங்கை அவித்து, கட்டியில்லாமல் மசித்து அதனுடன் சேர்க்க. பொடியாக அரிந்த வெண்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, மிளகுதூள், உப்பு, சிறிது தேசிப்புளி என்பன கலந்து பிசைந்தால், ஒரே வாயில் உண்ணத்தக்க சிறு உருண்டைகள் ஏறக்குறைய 30 கிடைக்கும். அவற்றை அடித்த முட்டையில் தோய்த்து, பாண்தூளிற் புரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை இருக்கும். குளிர்ந்த உருண்டை இறுகி நிற்பதனால் பொரிக்கும்போது உடைவதுமில்லை. பாண்தூள் ஒன்றை எண்ணெயிலிட்டதும் அது உடனே நுரைத்து மேலெழுமாயின் சூடு பதமாயிற்று என அறியலாம். சூடு குறைந்தால் கட்லட் எண்ணெயை உறிஞ்சிவிடும். மிகுந்தால் உள்ளே சூடேறுமுன் மேற்புறம் கருகிவிடும்.

மூன்றாவது வகை வண்ணச் சாண்ட்விச். இதற்கு ஒரு நாட் பழகிய பாணே மெல்லிதாக வெட்ட ஏற்றது. முதல்நாளே ஓரங்களை நீக்கித் துண்டுகளை மூடி வைக்க. நீக்கிய ஓரங்களை உலர்த்தி இடித்தால் கட்லட்டுக்கு வேண்டிய பாண்தூள் செலவின்றிக் கிடைக்கும். துருவிய கரட், அவித்துத் துருவிய பீற்றூட், புதினாவும் பச்சை மிளகாயும் தேசிப்புளியும் சேர்த்தரைத்த துவையல் ஆகிய மூன்றும் மூன்று நிறங்களைத் தரும். பாணின் மீது முதலில் வெண்ணெய் பூசுதல் இன்றியமையாதது. வெண்ணெய்ப் படை காய்கறியின் நீர் பாணில் ஊறாமல் தடுக்கின்றது. நான்கு துண்டுகளுக்கிடையே மூன்று நிறங்களையும் பரப்பி, மெல்ல அழுத்தி, விரலகலத் துண்டுகளாக அரிந்து ஈரத்துணியால் மூடி வைத்தல் வேண்டும்.

இனி, தட்டை ஏந்திச் செல்லுமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. நத்தார் வரும் அக்காலத்திலேதான் மார்கழித் திருவெம்பாவை நாட்களும் வருகின்றன. சைவ நண்பர் பலர் அப்போது மச்சம் தவிர்ப்பர். இசுலாமிய நண்பர் தம் மார்க்கம் விலக்கிய இறைச்சியை உண்ணார். மாட்டிறைச்சியை விரும்பாத பௌத்தரும் பலர். எது எதில் உள்ளது என்று விருந்தினர் கேட்டறிய நேர்வது அவர்களுக்குக் கூச்சத்தைத் தரும். கேளாது உண்டுவிட்டால் மனவருத்தமாய் முடியும். எனவே மீனுக்குப் பதிலாக அவித்த கடலையும் லீக்ஸும் சேர்த்து, முட்டைக்குப் பதிலாக மாக்கரைசலில் தோய்த்து ஒரு பகுதி கட்லட்டைச் செய்துகொள்க. அதனைப் புதிய எண்ணெயில் முதலிற் பொரித்த பின்னரே மீன் கட்லட்டைப் பொரித்தல் வேண்டும். இரண்டையும் வெவ்வேறு தட்டுகளில் வைத்து, சைவத்தட்டில் கறிவேப்பிலைக் கொத்தொன்றை வைத்தால் அடையாளமும் ஆயிற்று, அழகும் ஆயிற்று.

உணவு கெடாதிருத்தலும் கவனிக்கற்பாலது. நோய்க்கிருமிகள் 5 பாகை சதமத்துக்கும் 60 பாகை சதமத்துக்கும் இடைப்பட்ட சூட்டில் விரைந்து பெருகுகின்றன. நம் வரவேற்பறைகளின் வெப்பம் அவ்வெல்லைக்குள்ளேயே அமைகின்றது. மீன், முட்டை, வெண்ணெய் சேர்ந்தவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தலாகாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் வேளையில் ஒரு மணி நேரமே எல்லை. ஆதலின் எல்லாவற்றையும் ஒருங்கே பரப்பாது, சிறுசிறு தட்டுகளாகப் புதிதாய் வழங்குவதே நலம். தேங்காய்ச் சம்பலைச் சாண்ட்விச்சில் வைக்காது விடுவதும் இக்காரணம் பற்றியே.

பின்னர் பேருணவு உண்டாயின் ஒருவருக்கு ஐந்து அல்லது ஆறு துண்டுகள் போதும். பசியைத் தணித்துவிடாமல் தூண்டுவதே இச்சிற்றுண்டிகளின் பணி. விருந்தினர் வாயிலை அடையுமுன் கடைசித் தாச்சியும் அடுப்பிலிருந்து இறங்கிவிட்டால், தட்டை ஏந்தி வருபவளும் விருந்தினருள் ஒருத்தியாக அமர்ந்து மகிழலாம்.