தள்ளுபடி ரவுட்டரும் டெல்டா மின்சாரமும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் ஒரு புகார் தவறாமல் கேட்கும்: "மழை வந்தாலே வைஃபை போயிடுது." பழி முழுக்க மழைமேல் விழுகிறது. ஆனால் காற்றில் போகும் வைஃபை அலையை மழை அநேகமாக ஒன்றுமே செய்வதில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மழைத்துளியின் குறுக்களவு சில மில்லிமீட்டர்தான். தன்னைவிட இவ்வளவு சிறிய துளிகளை அந்த அலை பொருட்படுத்தாமல் கடந்துவிடும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினாலும், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அது இழக்கும் ஆற்றல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வீட்டு வைஃபையோ கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை போனால் போதும்.

மொட்டைமாடியில் இருக்கும் டி.டி.எச். தட்டின் கதை வேறு. அது வாங்குவது 11, 12 ஜிகாஹெர்ட்ஸ் அலை. நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதே அடைமழையில் அந்த அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பாதிக்கு மேல் ஆற்றலை இழந்துகொண்டே இறங்குகிறது. டி.வி. படம் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்துப் பழகிய கண், வைஃபை போனதற்கும் அதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

உண்மையான காரணம் கரண்ட் ஒயரில் இருக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போகிறது, வருகிறது, எகிறுகிறது, தாழ்கிறது. நம் வீட்டில் விளக்கு எரிந்தாலும், நாலு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கேபிள்காரரின் சுவிட்ச் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் இணையம் நின்றுவிடும். ஆகவே ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளி விற்பனையிலோ விலை இறங்கிய ரவுட்டர் ஒன்றைக் கையில் எடுக்கும்போது எத்தனை ஆன்டெனா என்று எண்ணுவது டெல்டாக்காரருக்குப் பெரிய உதவி செய்யாது. நான் முதலில் பார்க்கச் சொல்வது பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் கறுப்பு அடாப்டரை.

இப்படிச் சொல்லத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2000-களின் நடுவில், தேனி மாவட்டத்துக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை சிறு பார்வை மையங்களைத் திறந்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி, தேனியில் இருக்கும் மருத்துவரோடு வீடியோவில் பேச வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவரின் குழு வந்து, நம் வீட்டு ரவுட்டரில் இருக்கும் அதே வைஃபை தொழில்நுட்பத்தைத் திருத்தி, கோபுரத்துக்குக் கோபுரம் பல கிலோமீட்டர் தூரம் பாய வைத்தது. நூறு மீட்டருக்கென்று உருவான அலையை அவ்வளவு தூரம் கொண்டுபோனதுதான் பெரிய சாதனை என்று தோன்றும். அவர்களைத் தூங்கவிடாமல் செய்ததோ மின்சாரம். கிராமத்து மின்இணைப்பில் அளவுமானியை வைத்துப் பார்த்தார்கள். 1,000 வோல்ட் வரை திடீர் எகிறல்கள். நெடுநேரம் 70 வோல்ட்டுக்கும் கீழே தாழ்ந்து கிடப்பது. 350 வோல்ட்டைத் தாண்டி வீங்குவது. வீட்டுக்கு வர வேண்டியது 230. இந்த அனுபவங்களையெல்லாம் அவர்கள் 2008-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடாப்டர்கள் கருகின, லேன் துளைகள் செத்தன, மென்பொருள் இருந்த நினைவக அட்டைகள் கெட்டன.

அதில் என்னை வியக்க வைத்தது எகிறலைவிடத் தாழ்வு செய்த வேலை. மின்னழுத்தம் மிகவும் தாழும்போது ரவுட்டர் அணைவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. விளக்குகள் எரியும், உள்ளே இயக்கம் பாதியில் உறைந்து நிற்கும். இப்படி உறைந்தால் தானே மீண்டும் தொடங்கி வைக்கவென்று பலகையில் ஒரு கண்காணிப்புச் சுற்று இருக்கிறது. அதுவும் அதே தாழ்ந்த மின்சாரத்தில் சேர்ந்து உறைந்துவிடுகிறது! பெர்க்லி குழு கண்ட மருந்து எளியது: மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரவுட்டரை முழுதாகத் துண்டித்துவிடும் ஒரு சுற்று. அரைகுறையாகக் கிடப்பதைவிட முழுதாக அணைந்து எழுவது நல்லது.

மேட்டூர் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவைக்கு போர்வெல் மோட்டார்களே கதி. அவை எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ஊருக்குள் லோ வோல்டேஜ் வருவதை டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றும் அந்த நேரத்தில் ரவுட்டரும் உறைந்தால், "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு" என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்வது முழு அறிவியல். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அணைத்தபின் பத்து விநாடியாவது விட வேண்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் தேங்கிய மின்னேற்றம் வடிந்தால்தான் உறைந்த நினைவகம் முழுதாக அழியும்.

கெபாசிட்டரைச் சரியாகப் புரிந்துகொண்டால் ரவுட்டரின் ஆயுளில் பாதி புரிந்துவிடும். அடாப்டருக்குள் நுழையும் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் நேர்மின்சாரமாகிறது. அப்போது அதன் உச்சி சுமார் 325 வோல்ட். அதை ஒரு டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, கட்டைவிரல் அளவு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 9 அல்லது 12 வோல்ட்டாக இறக்குகிறது. விட்டு விட்டு வரும் இந்தத் துடிப்புகளை ரவுட்டரின் சிப் தாங்காது. முறைப்பாசனத்தில் வரும் தண்ணீரைக் குளத்தில் தேக்கி வயலுக்கு ஒரே சீராக விடுவதுபோல, துடிப்புகளைத் தேக்கிச் சீராக்கித் தருவது கெபாசிட்டர். உருளை வடிவத்தில் நிற்கும் மின்பகு கெபாசிட்டர்கள் சுருட்டிய அலுமினியத் தாளால் ஆனவை. தாளின்மேல் நானோமீட்டர் கணக்கில் ஓர் ஆக்சைடு படலம். படலத்தை ஒட்டி ஒரு திரவம். அந்தத் திரவம் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பின் வழியே ஆண்டுக்கணக்கில் கசிந்து ஆவியாகிறது. திரவம் வற்ற வற்றத் துடிப்பு சீராவது குறைகிறது. ரவுட்டர் காரணமில்லாமல் அணைந்து அணைந்து எழத் தொடங்குகிறது.

எவ்வளவு வேகமாக வற்றும் என்பதை முடிவு செய்வது வெப்பம். வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதற்கு 1889-ல் கணக்குச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ். அவர் வழியில் பொறியாளர்கள் வைத்திருக்கும் நடைமுறை விதி: 10 டிகிரி குறைந்தால் கெபாசிட்டரின் ஆயுள் இரட்டிக்கும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். மலிவான கெபாசிட்டர் ஒன்றின் உடலில் "105 டிகிரி" என்று அச்சிட்டிருக்கும்; அந்தச் சூட்டில் அதற்கு 2,000 மணி நேரம் ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். 65 டிகிரியில் ஓடினால் நான்கு தடவை இரட்டித்து 32,000 மணி நேரம். ரவுட்டரை நாம் அணைப்பதே இல்லை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆக, மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். டி.வி. ஷோகேஸின் கண்ணாடிக் கதவுக்குள் செட்டாப் பாக்ஸ்மேல் ஏற்றி வைத்து 75 டிகிரிக்குக் கொண்டுபோனால் இரண்டு ஆண்டுகூட வராது. முற்றத்துக் காற்று படும் சுவரில் மாட்டி 55 டிகிரியில் வைத்தால் ஏழு ஆண்டுக்கு மேல். ஒரே ரவுட்டர், ஒரே விலை. தஞ்சாவூரின் கத்திரி வெயிலில் அறையே 38, 40 டிகிரி என்பதால் பெட்டிக்குள் 65 என்பது சாதாரணம்.

பழைய வீடுகளில் முற்றம் வேறொரு நன்மையும் செய்கிறது. ரேழி, கூடம், அடுக்களை என்று நீண்டுகொண்டே போகும் வீட்டில் ரவுட்டரை வாசல் பக்கம் வைத்தால் அலை தடித்த செங்கல் சுவர்களை ஒவ்வொன்றாகத் துளைத்துப் போக வேண்டும். முற்றத்தை ஒட்டி வைத்தால் திறந்த வெளி வழியாகவே பல அறைகளை எட்டிவிடும். சிக்னல் போதவில்லை என்று புது ரவுட்டர் வாங்கப் புறப்படுமுன் இடத்தை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னொரு எதிரி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் பெரும்பாலான விடியற்காலைகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். சர்க்யூட் பலகையில் படிந்த உப்புத் தூசி ஈரமாகி மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். ஓயாமல் ஓடும் ரவுட்டரின் இளஞ்சூடு அந்த ஈரத்தை அண்டவிடாது. கடற்கரை ஊர்களில் வாரக்கணக்கில் அணைத்து வைத்திருக்கும் பெட்டி, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைவிடச் சீக்கிரம் கெடலாம்.

புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப் பெரிதாக நடந்தால் கரண்ட் மொத்தமாகப் போய்விடும்; கருவிக்கு ஆபத்தில்லை. ஆபத்து சிறிய காற்றில் இருக்கிறது. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், ஒருமுனை வீடுகளுக்கு 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கி வந்து சேரலாம். "நியூட்ரல் போயிடுச்சு, தெருவுல எல்லார் வீட்டு டி.வி.யும் அவுட்" என்பது இதுதான். அடாப்டர்களில் "100–240" என்றுதான் எழுதியிருக்கும்.

நொடிக்கும் குறைவான எகிறல்களைத் தடுக்க நல்ல அடாப்டர்களில் வேரிஸ்டர் என்ற சிறு வட்டு இருக்கும். அது துத்தநாக ஆக்சைடு மணிகளைச் சுட்டுச் செய்தது. நெல்வயலுக்கு நாம் சல்பேட்டாகப் போடும் அதே துத்தநாகம். சாதாரண அழுத்தத்தில் அது மின்சாரத்தை விடாது. அளவு மீறினால் கண்ணிமைப்பதற்குள் வழிவிட்டு எகிறலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். மிக மலிவான அடாப்டரில் செலவைக் குறைக்க முதலில் கைவைக்கும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்து இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆனால் அடாப்டரின் எடையும், அதன் முதுகில் பி.ஐ.எஸ். முத்திரையோடு இருக்கும் "ஆர்" எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் ஓரளவு சொல்லும். இந்தியாவில் இத்தகைய அடாப்டர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டினால் யார் செய்தது என்று வந்துவிடும். கடையிலேயே பார்த்துவிடலாம். எண் பொருந்தவில்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

விலை ஏன் இறங்கியது என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அடுத்த தலைமுறை வந்துவிட்டது என்பதுதான் காரணம், அது குற்றமில்லை. 2013-ல் தரப்படுத்திய வைஃபை 5 ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பெட்டிமேல் இருக்கும் "ஏ.சி. 1200" என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி 1,167, அதை உருட்டி 1,200. ஒரு போன் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் பேசும். அதைவிட, பின்பக்கத்தில் இணைய ஒயர் செருகும் துளை 100 எம்.பி.பி.எஸ். வகையாக இருந்தால் வெளியிலிருந்து வரும் வேகம் நூறைத் தாண்டவே தாண்டாது. தள்ளுபடியில் வரும் 1,200 பெட்டிகள் பலவற்றில் இப்படித்தான். உங்கள் திட்டமே 50 அல்லது 100 என்றால் அது குறையல்ல.

குறை வேறிடத்தில் இருக்கலாம். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு மென்பொருள் திருத்தம் தருவதை நிறுத்தியிருந்தால், வன்பொருள் எவ்வளவு உறுதியானாலும் அது திறந்த வீடு. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீய மென்பொருள் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் அதுபோன்ற கருவிகளிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளை அடைக்காமல் விட்ட பழைய மாடல்கள் அதில் ஏராளம். தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைத் தேடிக் கடைசித் திருத்தம் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஓராண்டுக்குள் என்றால் நல்லது. நான்கு ஆண்டுக்கு முன் என்றால் கடைசி விலையும் அதிகம்தான்.

மின்னணுக் கருவிகள் பிறந்த புதிதிலும் முதுமையிலும்தான் அதிகம் சாகின்றன, இடைக்காலம் அமைதியானது. அதனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் புது ரவுட்டரை வருத்திப் பார்த்துவிட வேண்டும். இரவு பகலாக ஓடட்டும். உச்சி வெயிலில், வீட்டில் எல்லாரும் வீடியோ பார்க்கும் நேரத்தில் அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் திருப்பிவிடுங்கள். சுவிட்சை அணைத்து, பத்து விநாடி விட்டுப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தானாக இணைகிறதா என்று பாருங்கள். இப்போது பரவலாக விற்கும் மினி யூ.பி.எஸ். பவர் கட்டுக்கு உதவும், தாழ்வால் வரும் உறைவையும் தடுக்கும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் அடாப்டர் அதற்கு முன்னால் சுவரில்தான் நிற்கிறது. எகிறலை வாங்கப்போவது அப்போதும் அடாப்டர்தான். அதற்குத் தனியாக எகிறல் தடுப்புப் பலகை வேண்டும்.

கண்ணாடி இழையில் இணையம் வருவதால் இடி மின்னலுக்குப் பயமில்லை என்பது பாதி சரி. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பிபோல் இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. ஆனால் சில கேபிள்களில் இழையைத் தாங்கவென்று எஃகுக் கம்பி ஒன்று கூடவே ஓடுகிறது. இடி நெருங்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் இன்னும் நல்ல பாதுகாப்பு. ஒருநாள் ரவுட்டரின் விளக்குகள் மொத்தமாக அணைந்துபோனால் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் அடாப்டரை மட்டும் மாற்றிப் பாருங்கள். வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். செருகு முள்ளின் உள்முனை பிளஸ்ஸா மைனஸா என்ற வட்டக் குறி பழைய அடாப்டரிலும் புதியதிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.