வளர்ந்தோரின் கடும் தீக்காயங்கள்: பருவமும் நாளின் நேரமும்

தீக்காயங்களின் காலப்பாங்கு என்பது, அவை ஆண்டின் எந்த மாதங்களிலும் நாளின் எந்த மணிகளிலும் மிகுதியாக நேர்கின்றன என்பதைக் குறிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு தீக்காயமும் எதிர்பாராத விபத்து. பெருந்தொகையாகப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தென்படும். சமைக்கும் வேளை, குளிர்காயும் மாதம், பட்டாசு வெடிக்கும் பண்டிகை, காடு காயும் பருவம், வீட்டார் உறங்கும் நேரம் ஆகியவற்றால் அந்த ஒழுங்கு உருவாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயங்களால் இறக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர்.

கடும் தீக்காயம்

வளர்ந்தோரில், உடற்பரப்பில் சுமார் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வெந்திருந்தால் அது பொதுவாகக் கடும் தீக்காயமாகக் கருதப்படுகிறது. பரப்பை விரைவாகக் கணிக்க ‘ஒன்பதுகளின் விதி’ பயன்படுகிறது. இதன்படி தலையும் கழுத்தும் 9 விழுக்காடு, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, பிறப்புறுப்புப் பகுதி 1 எனக் கணக்கிடப்படும். மூச்சுப்பாதை வெந்திருந்தாலோ மின்சாரத்தால் காயம் நேர்ந்திருந்தாலோ, பரப்பு குறைவாக இருந்தாலும் நிலைமை கடுமையானதே.

நாளின் நேரமும் தீக்காயமும்

காலை, மாலை: வீட்டில் நேரும் தீக்காயங்கள் சமையல் வேளைகளைச் சுற்றி மிகுகின்றன. தரையில் வைத்த அடுப்பு, பம்ப் அடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ், தொங்கும் சேலை முந்தானை அல்லது துப்பட்டா ஆகியவை சேரும்போது ஆபத்து பெருகுகிறது. செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகிறது.

சமையல் எரிவாயுவுக்கும் தனி நேரம் உண்டு. இது காற்றைவிடக் கனமானது. இரவில் ரெகுலேட்டரிலோ ரப்பர் குழாயிலோ கசிவு ஏற்பட்டால், மூடிய சமையலறையில் வாயு தரையோரமாகத் தேங்கி நிற்கும். விடியற்காலையில் எழுந்து வந்தவர் மின்விளக்கைப் போட்டாலோ தீக்குச்சியைக் கிழித்தாலோ அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வாயுவில் கடும் நாற்றமுள்ள பொருள் கலக்கப்படுகிறது. உறங்குபவரை அந்த நாற்றம் எழுப்பும் என்று நம்ப முடியாது.

பகல்: வேலை செய்யும் வயதினருக்குப் பகலில் தொழிலிடக் காயங்கள் நேர்கின்றன. கொதிகலன், உருகிய உலோகம், வேதிப்பொருள், உயர் அழுத்த மின்கம்பி ஆகியவை முதன்மைக் காரணங்கள். இவற்றில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் ஆண்கள்.

இரவு: இரவில் தீவிபத்துகளின் எண்ணிக்கை குறைவு, ஆனால் இறப்பு அதிகம். அமெரிக்காவில் வீட்டுத் தீவிபத்துகள் மாலைச் சமையல் நேரத்தில் உச்சம் அடைகின்றன. ஆனால் அவற்றால் நேரும் இறப்புகளில் ஏறத்தாழ பாதி இரவு 11 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையே நிகழ்கின்றன. உறக்கத்தில் இருப்பவர் தீயைத் தாமதமாக உணர்கிறார். அதற்குள் புகை அவரைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் இறந்தனர். அவர்களில் பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். தப்பிக்கும் வழி அடைபட்டிருந்தால் சிறு தீயும் பேரிழப்பாகும் என்பதற்கு இது கொடிய சான்று.

பருவங்களும் தீக்காயமும்

குளிர்காலம்: குளிர் மிகுந்த நாடுகளில் கணப்பு, மண்ணெண்ணெய் ஹீட்டர், வெந்நீர் ஆகியவற்றால் தீக்காயங்கள் கூடுகின்றன. காஷ்மீரில் மக்கள் ‘காங்ரி’ எனப்படும் தணல் சட்டியைப் பிரம்புக் கூடையில் வைத்து, நீண்ட மேலங்கிக்குள் பிடித்துக் குளிர்காய்கின்றனர். சட்டி கவிழ்ந்தால் வயிறும் தொடையும் வேகும். கவிழாவிட்டாலும் ஆண்டுக்கணக்கான சூட்டால் அவ்விடத்துத் தோலில் புற்றுநோய் உண்டாவதை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்துள்ளனர்.

கோடை: தமிழகத்தில் குளிர்காயும் தேவை குறைவு. இங்கு வறண்ட மாதங்களே தீக்குரியவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல் எளிதில் பற்றும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடைப் பகலில் தார்ச்சாலை 70 பாகை செல்சியசை எட்டும். அதில் மயங்கி விழும் முதியோருக்கு நெருப்பே இல்லாமல் ஆழமான தீக்காயம் உண்டாகிறது.

பண்டிகைகள்: தீபாவளியின்போது பட்டாசுக் காயங்கள் ஓரிரு நாளில் குவிகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கையிலும் கண்ணிலும் நேர்பவை. உடையில் தீப்பற்றும்போதே பெரும்பரப்புக் காயம் உண்டாகிறது. 2018இல் உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, தமிழகத்தில் காலை 6 முதல் 7 மணி வரையும் மாலை 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க நேரம் வரையறுக்கப்பட்டது. பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் ஆபத்து சிவகாசி வட்டாரத் தொழிலாளர்களைச் சூழ்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஈரானில் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முந்தைய கடைசிச் செவ்வாய் இரவில் நெருப்பைத் தாண்டும் விழாவின்போது இத்தகைய உச்சம் காணப்படுகிறது.

நேரமும் சட்டமும்

இந்தியாவில் இளம்பெண்களின் தீக்காயங்கள் அனைத்தும் விபத்துகள் அல்ல. தற்கொலை முயற்சியும் வன்கொடுமையும் ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற பெயரில் மறைக்கப்படுவதுண்டு. திருமணமான 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்து, அதற்கு முன் வரதட்சணைக் கொடுமை நிகழ்ந்திருந்தால், அது வரதட்சணை மரணமாகக் கருதப்படும் என்று 1986இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவில் உள்ளது. எனவே காயம் நேர்ந்த மணி என்ன, அது சமைக்கும் வேளையா, வீட்டில் யார் இருந்தனர் ஆகியவற்றைச் சரியாகப் பதிவு செய்வது விசாரணைக்கு இன்றியமையாதது.

சிகிச்சையில் நேரத்தின் பங்கு

கடும் தீக்காயத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதால் உடல் அதிர்ச்சி நிலைக்குச் செல்லும். இதை ஈடுசெய்யப் பார்க்லண்ட் சூத்திரம் பயன்படுகிறது: 4 மில்லிலிட்டர் × உடல் எடை × வெந்த விழுக்காடு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 விழுக்காடு வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லிலிட்டர் தேவை. இதில் பாதி, அதாவது 4,800 மில்லிலிட்டர், முதல் 8 மணி நேரத்தில் செலுத்தப்பட வேண்டும். இந்த 8 மணி நேரம் காயம் நேர்ந்த நொடியிலிருந்து கணக்கிடப்படுகிறது, மருத்துவமனையை அடைந்த நேரத்திலிருந்து அன்று. நள்ளிரவில் காயமடைந்து 3 மணி நேரம் கழித்து வருபவருக்கு அதே அளவை 5 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். இது தொடக்கக் கணிப்பே. சிறுநீரின் அளவைப் பார்த்து மருத்துவர் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.

புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது

ஒரு மருத்துவமனையின் பதிவைக் கொண்டு நாடு முழுவதற்கும் முடிவு சொல்ல இயலாது. சேர்க்கப்பட்ட நேரமும் காயம் நேர்ந்த நேரமும் வேறு. தொலைவிலிருந்து மாற்றி அனுப்பப்படுவோரிடம் இந்த இடைவெளி பெரிது. வயது, பால், காரணம் ஆகியவற்றைப் பிரிக்காமல் கூட்டினால், கோடை உச்சமும் குளிர்கால உச்சமும் ஒன்றையொன்று மறைத்து, பருவ வேறுபாடே இல்லை என்ற தவறான தோற்றம் கிடைக்கும்.

தடுப்பும் முதலுதவியும்

- உறங்கும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடவும். வாயு நாற்றம் வந்தால் எந்த மின்பொத்தானையும் தொடாமல் கதவு, சன்னல்களைத் திறந்து வெளியேறி, 1906 என்ற எண்ணை அழைக்கவும்.
- உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் தீ மேலும் வளரும். தரையில் படுத்து உருள வேண்டும்.
- வெந்த இடத்தில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரை விடவும். பெரும்பரப்பு வெந்திருந்தால் உடல் அளவுமீறிக் குளிர்ந்துவிடாமல் மற்ற பகுதிகளைப் போர்த்தவும். பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு எதையும் தடவக்கூடாது.
- சுத்தமான துணியால் மூடி, 108 ஆம்புலன்சை அழைக்கவும். காயம் நேர்ந்த மணியைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லவும்.