கரையாத மிட்டாய்

சிறுவர்க்கென இயற்றப்பெற்ற நகைச்சுவைக் கதைகளின் முடிவைப் பெரியோர் ஆராயப் புகுவதில்லை. தீயோர் துன்புற்றனர், நல்லோன் பரிசு பெற்றான் என்று மனம் அமைவர். மெல் ஸ்டூவர்ட் என்பார் இயக்கி 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வில்லி வாங்காவும் சாக்லேட் தொழிற்சாலையும்’ என்னும் ஆங்கிலப் படத்தின் முடிவோ அத்துணை எளிதன்று.

வாங்கா என்னும் விந்தை மனிதர், பொற்சீட்டுப் பெற்ற சிறுவர் ஐவர்க்குத் தம் தொழிற்சாலையைக் காட்டுகிறார். நால்வர் பெருந்தீனி, செருக்கு முதலிய தத்தம் குற்றங்களால் இடையிலேயே நீங்குகின்றனர். எஞ்சுபவன் ஏழைச் சிறுவனாகிய சார்லி. அவனும் குற்றமற்றவன் அல்லன். விலக்கப்பட்ட பானமொன்றைப் பாட்டனாருடன் மறைவிற் பருகி, இருவரும் மேலெழும்பி, உச்சியிற் சுழலும் விசிறிக்கு அஞ்சி, ஏப்பம் விட்டே கீழிறங்கினர். இறுதியில் வாங்கா இக்குற்றத்தைக் காட்டிச் சினந்து, வாக்களித்த பரிசையும் மறுத்து, அவர்களை வெளியேறுமாறு பணிக்கிறார். சிறிது நேரத்திலோ தொழிற்சாலை முழுவதையும் அவனுக்கே அளிக்கிறார். இஃது என்ன நீதி?

ரோல்டு டால் 1964-இல் வெளியிட்ட மூலநூலில் சார்லி பானத்தைத் திருடவுமில்லை, சோதிக்கப்படவுமில்லை. இறுதிவரை எஞ்சியமையாலேயே வெற்றி பெறுகிறான். திருட்டும் சோதனையும் படத்திற் புதியனவாய்ச் சேர்க்கப்பட்டவை. ஆதலின் முடிவின் பொருளை அவ்விரண்டிலேயே தேடல் வேண்டும்.

வாங்கா சிறுவர்க்கு அளித்த என்றும் கரையாத மிட்டாயைக் கொணர்ந்தால் பெரும்பொருள் தருவதாகப் போட்டி வணிகன் ஒருவன் முன்னரே ஆசை காட்டியிருந்தான். பரிசு மறுக்கப்பட்டவுடன், அம்மிட்டாயை அவனுக்கே கொடுப்போம் என்று பாட்டனார் வெகுள்கிறார். சார்லியோ திரும்பிச் சென்று, அதனை வாங்காவின் மேசைமேல் வைக்கிறான். அவ்வணிகன் வாங்காவின் ஆளே என்பது பின்னரே வெளிப்படுகிறது.

பரிசைப் பெற்றபின் மிட்டாயைத் திருப்பியிருந்தால் அது நன்றிக்கடனாய் முடிந்திருக்கும். பரிசை நாடித் திருப்பியிருந்தால் வாணிகமாய் முடிந்திருக்கும். உள்ளே வசை, வெளியே செல்வம் என்றிருந்த வேளையில் செய்தமையால் அது நேர்மையாயிற்று. வாங்காவின் சினம் அந்நேர்மையை நிறுக்கும் தராசு.

அச்சினம் மெய்யோ நடிப்போ எனக் காண்போர் மயங்குவதற்கும் காரணமுண்டு. வாங்காவாக நடித்த ஜீன் வைல்டர், தாம் முதலில் தோன்றுங்கால் கோலூன்றி நொண்டி வந்து, விழுந்து உருண்டு, நலமாய் எழுந்து நிற்றல் வேண்டுமென வற்புறுத்தினார். இவர் கூறுவது மெய்யோ பொய்யோ என்று அதுமுதல் எவரும் அறியலாகாது என்பது அவர் கருத்து. இறுதிக் காட்சிக்கு வித்து ஆங்கே இடப்பட்டது.

சிறுவனைப் பொய்யாற் சோதித்தல் தகுமோ எனின், வாங்காவே அதற்காக அவனிடம் மன்னிப்பு வேண்டுகிறார். சார்லியின் திருட்டும் வீணாய்ச் சேர்க்கப்பட்டதன்று. பிழையே செய்யாதவனை வென்றவனாகக் காட்டியிருந்தால், நம்மிற் பலர்க்கு அக்கதையில் இடமிராது. பிழைத்தவன், தன்னை ஒறுத்தவர்க்குத் தீங்கு செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாது விட்டான்.

மாணவ நண்பர்களே! கல்லூரித் தேர்வுகளின் நாளை நாம் முன்னரே அறிவோம். சார்லி எழுதிய தேர்வுக்கு மணியடிப்பதில்லை. தேர்வு நடந்ததென்பதும் முடிந்தபின்னரே தெரியும்.