களிமண் நிலத்தில் காங்கிரீட் பீடம்

திருவிடைமருதூர்ப் பகுதியில் வயலை ஒட்டிய களிமண், வாய்க்காலில் நீர் வருங்கால் உப்புகிறது. கோடையில் சுருங்கி வெடிக்கிறது. ஆழமற்ற கடைக்கால் அதனுடன் அசைவதால் சுவர் பிளவுறுவதை நாம் காண்கிறோம்.

ஆகவே பள்ளிக்கூடமோ வீடோ கட்டும்பொழுது, தூண்தோறும் அடியில் அகன்ற காங்கிரீட் பீடம் அமைத்தல் நலம். 20 டன் பாரத்தை 1 மீட்டர் சதுரப் பீடம் தாங்கினால், மண்ணின்மீது சதுர மீட்டருக்கு 20 டன் அழுத்தம் உண்டாகும். 2 மீட்டர் சதுரமாயின் 5 டன்தான். மண்ணின் தாங்குதிறனைச் சோதித்துப் பொறியாளர் அளவை வரையறுப்பார்.

எனினும் அகலம் மட்டும் போதாது. கோடை வெடிப்பு எட்டாத ஆழத்திற்கு வானம் தோண்டவேண்டும். கம்பியை மண்மீது கிடத்தலாகாது. அதன் கீழ் 5 சென்டிமீட்டர் காங்கிரீட் இருத்தல் வேண்டும். குறைந்தது 7 நாட்கள் ஈரம் காத்தல் அவசியம்.

மண் மூடியபின் குறையைக் காண இயலாது. எனவே காங்கிரீட் இடுமுன் ஆழத்தையும் கம்பியையும் நேரில் அளந்து பார்க்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.